கரையேறிய குடும்பத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல்வழி சுமார் 30 கிலோமீட்டர்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் கடலைக் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் 3 லட்சத்துக்கும் மேல். கலவரத்தை ஒட்டி ஒரு கூட்டம், 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது ஒரு கூட்டம், யாழ்ப்பாணம் ராணுவத்தின் கைக்குப் போன 1995-ஐ ஒட்டி ஒரு கூட்டம், 2006-இல் தொடங்கி இறுதிப் போர்க் காலம் வரை ஒரு கூட்டம். படகுக்காரர்கள் பல நேரம் கரை வரை வருவதில்லை. இருட்டில் ஏதாவது ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கைக்குழந்தையும் வயதான தாயுமாக ஒரு குடும்பம், குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல், யாராவது வரமாட்டார்களா என்று அந்தத் திட்டில் விடியும்வரை நிற்கும். எத்தனையோ தடவை வந்து சேர்ந்தவர்கள் நம் மீனவர்கள்தான். மீனுக்குப் போன படகில் மனிதர்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அந்த முதல் வாரத்தில் தமிழ்நாடு என்றும் குறைவைத்ததில்லை. 1983-இல் ஊர் ஊராக அரிசியும் துணியும் திரட்டிய கல்லூரி மாணவர்களும், கடையடைத்து ஊர்வலம் போன வணிகர்களும் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களைக் கேட்டால் அந்த நாட்களைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். என் கவலை அதற்குப் பிறகு வந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றியது. போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பத்துக்குச் சோறும் கூரையும் கொடுக்கத் தெரிந்த நமக்கு, அதன் பக்கத்தில் நின்று அதை இந்த ஊரின் குடும்பமாக ஆக்கத் தெரியவில்லை. அரசுக்கும் தெரியவில்லை, அண்டை வீட்டுக்காரர்களான நமக்கும் தெரியவில்லை.

வந்தவர்கள் முதலில் போன இடம் பெரும்பாலும் மண்டபம் முகாம். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்திவைத்த இடம் அது. அங்கிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் அதே வளாகத்துக்கு அகதிகளாகத் திரும்பி வந்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் இருந்து 1977, 1981 கலவரங்களில் வவுனியாவுக்கும் வன்னிக்கும் விரட்டப்பட்டு, அங்கே காடு வெட்டி வயல் செய்து, அதையும் போரில் இழந்து கடலேறிய மலையகக் குடும்பங்கள் அவை. ஒரே ஆயுளில் இரண்டு முறை வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் இன்றும் முகாம்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் கணிசமானோர் இப்படி இந்திய வம்சாவளியினர் என்பது இந்தப் பேச்சில் அடிக்கடி விட்டுப்போகிற விஷயம்.

மண்டபத்திலிருந்து அவர்களை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், கொட்டப்பட்டு, ஆனையூர், தோட்டனூத்து என்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021-இல் அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கின்படி முகாம்களில் சுமார் 58,800 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் முக்கியமானது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்ந்தது. திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. இதை நல்ல வேலை என்று மனதாரச் சொல்ல வேண்டும். 1991-இல் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இந்தக் குடும்பங்கள் மீது விழுந்த சந்தேகத்தையும், இறுகிப்போன கண்காணிப்பையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு அரசு இவர்களுக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று.

அந்தச் சுவர் ஏன் முக்கியம் என்பதைப் பழைய முகாம் வீட்டுக்குள் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறை. தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட கூரை, இருபது வருடம் முப்பது வருடம் ஓடிவிட்டது. நடுவில் கயிறு கட்டி ஒரு சேலையைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் புதிதாகக் கல்யாணமான மகனும் மருமகளும், இந்தப் பக்கம் தாயும் தகப்பனும் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணும். வயசுக்கு வந்த பிள்ளை உடை மாற்ற, அப்பாவும் அண்ணனும் வெளியே போய் நிற்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இரவு விளக்கு வேண்டும், ஆஸ்துமாக்காரத் தாத்தாவுக்குத் தூக்கம் வேண்டும். ஒரு குடும்பம் குடும்பமாக இருப்பதற்கு அரிசிக்கு அடுத்தபடி வேண்டியது தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. ஆள் கணக்குப் பார்த்து நிவாரணம் கொடுக்கிற முறையில் இந்தக் கதவுக்கு இடமே இல்லாமல் இருந்தது.

வீடு கட்டித் தருவது அரசால் ஆகிற காரியம். இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அரசால் மட்டும் ஆகாதது.

மதுரைப் பக்கத்து முகாம் ஒன்றில், மன்னாரிலிருந்து 1990-இல் வந்த ஒரு தாய் தன் காகிதங்களை எடுத்துக் காட்டினார். ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கிய தாள்கள். மண்டபத்தில் கொடுத்த பதிவுச் சீட்டு, முகாம் அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மூத்த மகளின் பட்டச் சான்று. தமிழ்நாட்டில் எந்தக் குடும்பத்திடமும் இதைவிட ஒழுங்காக அடுக்கிய காகிதங்களைப் பார்க்க முடியாது. ஆனால் எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் இன்னும் ஒரு காகிதம் குறையும். "அரிசி தந்தவை, காசு தந்தவை, இல்லையெண்டு சொல்லேலாது தம்பி. ஆனா ஒரு கையெழுத்துப் போட எங்களுக்கு ஆள் இல்லை" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. நமக்கு ஊரில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வங்கிக் கடனுக்குச் சித்தப்பா ஜாமீன் நிற்கிறார். வாடகை வீட்டுக்கு அலுவலக நண்பர் சொல்லி வைக்கிறார். பிள்ளைக்கு வேலை வேண்டுமென்றால், "நம்ம பையன்தான், பார்த்துக்கங்க" என்று சொல்ல யாராவது இருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்று சொல்ல ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். போர் ஒரு குடும்பத்திடமிருந்து வீட்டையும் நிலத்தையும் மட்டும் பறிப்பதில்லை, இப்படிச் சொல்லி வைக்கிற, கூட வருகிற, ஜாமீன் நிற்கிற ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே இரவில் பறித்துவிடுகிறது. நிவாரணப் பட்டியலில் இந்த இழப்புக்கு ஒரு வரியும் கிடையாது.

முகாம்களில் ஆண்கள் பெருமளவில் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போகிறார்கள். ஏன் அந்த வேலை என்றால், முகாமுக்கு முதலில் வந்த தலைமுறை அதைப் பிடித்தது. ஒருவர் இன்னொருவரை அழைத்துக்கொண்டு போனார். யாரும் காகிதம் கேட்காத வேலை, அன்றன்றைக்குக் கூலி. ஆனால் முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளில் ஊரில் இருந்தாக வேண்டும், வெளியூரில் தங்கி வேலை செய்வதென்றால் முகாமில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதெல்லாம் கூலியிலிருந்து கழிகிற நாட்கள். சாரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எந்த ஒப்பந்தக்காரரிடமும் பதில் இருக்காது. அந்தக் கூலியில்தான் பிள்ளைகளைப் பொறியியலும் வணிகவியலும் படிக்க வைத்தார்கள். படித்து வெளியே வந்த பிள்ளைக்கு அரசு வேலை கிடையாது, ஏனென்றால் குடியுரிமை இல்லை. தனியார் நிறுவனத்தில் தேர்வானாலும், சரிபார்ப்புக்குப் போன இடத்தில் முகாம் முகவரியைப் பார்த்துத் தயங்கி நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் பட்டதாரி மகனும் அப்பாவோடு பெயின்ட் வாளியைத் தூக்குகிறான். அந்த வீட்டில் அடுத்த தம்பியைப் படி என்று எந்த முகத்தோடு சொல்வது?

அகதிகளுக்கு அகதிகளே செய்துகொண்ட வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்தியது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் இலங்கைக் குடியுரிமைப் பதிவும் வாங்கிக் கொடுக்கப் பல்லாண்டுகள் அலைந்தது. படித்த அகதிகள் படிக்காத அகதிகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். முகாமின் கல்விக் கதை அவர்களால்தான் நடந்தது. ஆனால் முகாமுக்குள் இருக்கிற ஒருவர் முகாமுக்குள் இருக்கிற இன்னொருவருக்கு ஜாமீன் நிற்க முடியாது. அதற்கு வெளியே இருந்து ஒருவர் வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் கனடாவைப் பார்க்கலாம். அங்கே 1970-களின் இறுதியில் ஒரு ஏற்பாட்டைச் சட்டத்திலேயே கொண்டுவந்தார்கள். குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்தால், அல்லது ஒரு தேவாலயமோ சங்கமோ முன்வந்தால், ஒரு அகதிக் குடும்பத்தை வரவழைத்து ஓராண்டுக்கு அதன் பொறுப்பை ஏற்கலாம் என்பதுதான் அது. 1979, 1980 ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து கனடா ஏற்ற சுமார் 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படித் தனிமனிதர்களின் பொறுப்பில் வந்தவர்கள். 1986-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் தன் நான்சென் விருதைக் கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கியது. 2015-இன் இறுதியில் தொடங்கிச் சிரியக் குடும்பங்கள் வந்தபோதும் இதே ஏற்பாடு கைகொடுத்தது. இந்த வழியில் அங்கே குடியேறியவர்கள் இதுவரை 3 லட்சத்துக்கும் மேல்.

அந்த ஐந்து பேர் என்னதான் செய்கிறார்கள்? வாடகையும் மளிகைச் செலவும் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வேலை, கூடவே போவது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள், பல் மருத்துவரிடம் போகிறார்கள், பேருந்தில் எப்படிப் போவது என்று இரண்டு தடவை கூடவே ஏறி இறங்கிக் காட்டுகிறார்கள், வேலைக்குத் தங்கள் பெயரைப் பரிந்துரையாகக் கொடுக்கிறார்கள். ஓராண்டு முடிந்து பதின்மூன்றாம் மாதம் அந்தக் குடும்பம் தனியாக நிற்குமா என்பதுதான் அங்கே பொறுப்பேற்கிறவர்களின் முதன்மையான கவலை. அங்கேயும் குறைகள் உண்டு. உதவி செய்கிறோம் என்ற உரிமையில் குடும்பத்தின் செலவுக் கணக்கைத் துருவுகிறவர்கள் உண்டு, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று பாடம் எடுக்கிறவர்கள் உண்டு. ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு ஐந்து கையெழுத்து கிடைத்துவிடுகிறது.

கனடா மக்கள் நான்சென் விருது பெற்ற அதே 1986-இல், ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்தார்கள். கஸ் டால்ட்டன் என்ற மீனவர் அவர்களைக் கண்டு மற்ற மீன்பிடிப் படகுகளையும் அழைத்து மீட்டார். ராமேஸ்வரத்து மீனவர் செய்ததைத்தான் அவரும் செய்தார். வேறுபாடு அதற்குப் பிறகு வந்தது. கனடா அரசு அவர்களை நெடுநாள் அடைத்து வைக்கவில்லை. வேலை செய்யும் உரிமையோடு ஓராண்டுக்கான அனுமதிச் சீட்டைக் கொடுத்து ஊருக்குள் அனுப்பியது. அவர்களை ஏற்றுக்கொள்ளலாமா என்று அந்த நாட்டில் அன்று கடுமையான சர்ச்சையும் நடந்தது. சர்ச்சை நடக்கும்போதே அவர்கள் வேலைக்குப் போனார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு வழி இல்லையா? கனடாவில் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற, மொழி தெரியாத குடும்பத்தை வரவழைக்கிறார்கள். நம் குடும்பங்கள் ஏற்கெனவே நம் ஊர் எல்லையில் இருக்கின்றன, நம் மொழியைப் பேசுகின்றன, நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலேயே அவர்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒவ்வொரு முகாமையும் சுற்றி ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்தவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், ஆஸ்பத்திரி தெரிந்த ஒருவர், நான்கு பேரை வேலைக்கு வைத்திருக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். இந்த ஐந்து பேர் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு துணை நின்றால் போதும். பணம் தேவையில்லை. தாலுகா அலுவலகத்துக்குக் கூடப் போக வேண்டும், முகாமுக்கு வெளியே வாடகை வீடு கேட்டால் வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், பட்டதாரிப் பிள்ளைக்குப் பரிந்துரை தர வேண்டும், சுயஉதவிக் குழுக் கடனுக்கு உறுதி சொல்ல வேண்டும்.

இதைச் செய்யும்போது சில கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்க வேண்டும். புகைப்படம் கூடாது, அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று எடுத்த படங்களில் தன் முகத்தைப் பார்த்துக் கூனிக்குறுகிய பிள்ளைகள் முகாம்களில் நிறைய உண்டு. போரில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கட்சிக் கொடியும் சாதிச் சங்கமும் வாசலோடு நின்றுவிட வேண்டும். மாவட்ட ஆட்சியர் இதற்கு ஓர் எளிய பதிவை ஏற்படுத்திக் கொடுத்தால், யார் எந்தக் குடும்பத்தோடு இருக்கிறார்கள் என்பது வெளிப்படையாக இருக்கும். முகாம்களைக் கண்காணிக்கிற க்யூ பிரிவுக் காவலர்களுக்கும் கவலை இருக்காது, உதவ வந்தவர்களுக்கும் பயம் இருக்காது. ஏனென்றால் முகாமுக்குள் போனால் வம்பு வரும் என்ற பயம்தான் நல்லவர்கள் பலரை இத்தனை நாள் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது.

இனி, ஐந்து பேர் அல்ல, ஐயாயிரம் பேர் கையெழுத்துப் போட்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. அது டெல்லியின் கையில் இருக்கிறது.

1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2003-இல் திருத்தப்பட்டு 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டப்படி, உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. குண்டுக்குப் பயந்து நள்ளிரவில் படகேறியவர் எந்த ஆவணத்தோடு வருவார்? அந்தச் சட்டத்தின் கொடுமை ஒரு குடும்பத்துக்குள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். முகாம் இளைஞர் ஒருவர் திண்டுக்கல் பெண்ணை மணக்கிறார். தாய் இந்தியக் குடிமகள். பிள்ளை திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் பிறக்கிறது. தந்தை சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால் அந்தப் பிள்ளை இந்தியக் குடிமகன் அல்ல. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தபோது, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வழி இல்லை என்றாகிவிட்டது. அந்தப் பட்டியலில் ஏன் இலங்கை இல்லை என்ற கேள்விக்கு இன்றுவரை ஏற்கத்தக்க பதில் வரவில்லை.

நீதிமன்றங்களில் இரண்டு குரல்களும் கேட்கின்றன. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தர வேண்டும் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்பது சட்டம். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்கிற அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதே முகாமில் அவருக்கு இரண்டு ஆண்டு இளையவர் அந்த வரிசையில் நிற்க முடியாது. மறுபக்கம், 2025 மே மாதத்தில், தண்டனை முடிந்த ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தர்மசத்திரமா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அந்த மனிதர் தண்டிக்கப்பட்டவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி நாற்பது ஆண்டு பெயின்ட் அடித்துப் பிழைத்த குடும்பங்களின் காதிலும் விழுந்தது.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. சிறைக்குப் போகும் பயம் நீங்கியது. ஆனால் அதனால் யாரும் குடிமகன் ஆகிவிடவில்லை. விலக்கு அளித்த அரசே அடுத்த அடியையும் வைக்க வேண்டும்: இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகையிலிருந்து முழுமையாக நீக்கி, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி செய்ய வேண்டும். மலையக வம்சாவளியினருக்கு இது இன்னும் நேரான உரிமை. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரைத் தன் குடிமக்களாக ஏற்பதாக இந்தியாவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அன்று அந்தக் கணக்கில் வராமல் போன குடும்பம் இன்று முகாமில் இருந்தால், பழைய வாக்கைத்தான் நாம் கேட்கிறோம், புதிய சலுகையை அல்ல.

திரும்பிப் போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு பல ஆயிரம் பேர் போனார்கள். போன சிலர் 2022 பொருளாதார நெருக்கடியில் மறுபடியும் படகேறி, மறுபடியும் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, மறுபடியும் மண்டபத்துக்கே வந்தார்கள். ஒரே வீட்டில் தாத்தா மன்னாருக்குப் போய்ச் சாக வேண்டும் என்கிறார், மகன் தயங்குகிறார், பேத்திக்கு மன்னார் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. இதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் அவசரமில்லாமல். இங்கே இருக்க உரிமை கிடைத்தால் திரும்பிப் போவார்களா மாட்டார்களா என்று கணக்குப் போடுவது நம் வேலை இல்லை. இங்கே உரிமை இருந்தால்தான் அங்கே போவதும் பயமில்லாத முடிவாக இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வரவாவது ஒரு கடவுச்சீட்டு வேண்டுமல்லவா?

இலங்கைத் தமிழர் நலனுக்கென்று 2021-இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. வீடு கட்டும் வேலையோடு, ஒரு குடும்பத்துக்கு ஐந்து பேர் துணை நிற்கிற ஏற்பாட்டையும் இப்படி ஒரு குழுவின் பொறுப்பில் சேர்க்கலாம். மாவட்டத்துக்கு ஒரு முகாம் என்று தொடங்கினால் போதும். வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை. விண்ணப்பத்தில் முகாம் முகவரியைப் பார்த்தால் அந்தப் பிள்ளையை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுங்கள். வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்கள், எந்த ஊர் என்று கேட்டு முகாம் என்று பதில் வந்ததும் சாவியை உள்ளே எடுத்து வைக்காதீர்கள். தெரிந்தவர் யாராவது சொன்னால் கொடுக்கலாம் என்று தோன்றினால், அந்தத் தெரிந்தவராக இருக்க உங்கள் ஊரிலேயே யாராவது முன்வருகிறார்களா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.